பேலட் பலகையில் பென்சில் நுழையும் ஓட்டை: போட்டது யார்?

மாதவரம் மாடிவீடு:
மாதவரம் ரவுண்டானா தாண்டி இருக்கிற கன்டெய்னர் யார்டுகளில் கழித்துவிட்ட பேலட் கட்டைகள், அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள், வாங்கி, மாடியில் உட்கார ஒரு பெஞ்ச் போடலாம் என்று பிரித்துப் போட்டிருக்கிறேன். பைன் மரம்தான், மஞ்சளாக, முடிச்சு முடிச்சாக, இழைத்தால் வாசனை வருகிறது. அதில் இரண்டு பலகையில் மட்டும் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஆணி ஓட்டை இல்லை, டிரில் போட்டதும் இல்லை, ஏனென்றால் கம்பி விட்டுப் பார்த்தால் கொஞ்ச தூரம் போய் வளைகிறது, அப்புறம் இறுக்கமாக மரத்தூள் தட்டுகிறது. கீழ்வீட்டு வாசற்கால் பழைய தேக்கு. இந்தப் பூச்சி அதில் இறங்கிவிடுமா என்று பயம். மாமியார் கரையான் என்று முடிவே கட்டிவிட்டார். ஆசாரி ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அதற்குள் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சூளை மரக்கடை:
கரையான் இப்படி வட்டமாக ஓட்டை போடாது சார். மண் பூசிக்கொண்டு வரும், உள்ளே தின்றுவிட்டு மேல் தோலை விட்டுவைக்கும். உளு, அதாவது மரத்தை மாவாக்கும் சின்ன வண்டு என்றால் குண்டூசித் தலை அளவு ஓட்டைதான், கீழே மாவு கொட்டியிருக்கும், அதுவும் மரத்தின் வெளிப்பக்க வெள்ளைக்கட்டையில்தான் விழும், உள்ளே இருக்கிற வைரத்தில் விழாது. நீங்கள் சொல்கிற அளவு ஓட்டையை வெளிநாட்டு பைன் கட்டை அறுக்கும்போது எப்போதாவது பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கழித்து சென்ட்ரிங் வேலைக்குத் தள்ளிவிடுவோம். என்ன பூச்சி என்று யாரும் குனிந்து பார்த்ததில்லை, லோடு இறக்குகிற அவசரத்தில் அதற்கெல்லாம் ஏது நேரம்.

எண்ணூர் உப்புக்காற்று:
கருவண்டுதான், வேறென்ன. எங்கள் வீட்டு மூங்கில் பந்தலில் வருஷா வருஷம் வந்து ஓட்டை போடுகிறது.

புழுப்பித்தன்:
கருவண்டு என்றால் ஓட்டை கட்டைவிரல் அளவுக்குக் கிட்ட இருக்கும், உள்ளே காலியாக இருக்கும், அல்லது மகரந்த உருண்டை வைத்து அறை அறையாகத் தடுத்திருக்கும். அது மரத்தைத் தின்பதில்லை, குடியிருக்கத்தான் குடைகிறது. மாதவரத்துக்காரர் சொல்வதில் முக்கியமான விஷயம் உள்ளே இறுக்கமாக அடைத்த தூள். அது மரத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த புழு பின்னால் தள்ளிக்கொண்டே போன தூள். அதனால் ஓட்டை உள்ளே போன வழி இல்லை, வெளியே வந்த வழி.

பைன் கட்டையில் இந்த அளவு ஓட்டைக்கு இரண்டு பேர் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஒன்று நீள மீசை வண்டு. இன்னொன்று மரக்குளவி, அதாவது ரம்ப ஈ வகையில் மரம் குடைகிற கூட்டம். வெளி ஓட்டையை மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம், பைன் மரத்தில் வரும் சில மீசை வண்டுகளும் வட்டமாகத்தான் ஓட்டை போடும். பலகையைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வண்டுப் புழுவின் பாதை உள்ளே நீள்வட்டமாக, சீவல் சீவலாக, பொலபொலவென்று இருக்கும். மரக்குளவிப் புழுவின் பாதை உள்ளேயும் வட்டம், தூள் நைசாக, மரத்தோடு மரமாக அழுத்தி அடைத்திருக்கும், அறுத்த முகத்தில் சட்டென்று கண்ணுக்கே தெரியாது. அந்தப் புழுவுக்கு வாலில் ஒரு சின்ன முள் உண்டு, அதை ஊன்றிக்கொண்டுதான் தூளை அமுக்கிக்கொண்டு முன்னேறும்.

இன்னொன்று, கவலைப்படாதீர்கள். மரக்குளவி காய்ந்த மரத்தில் முட்டையிடாது. புதிதாக வெட்டிய கட்டை, நோய்ப்பட்ட மரம், தண்ணீர் வற்றித் தவிக்கிற மரம், இவைதான் அதற்கு வேண்டும். உங்கள் தேக்கு வாசற்காலை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

எண்ணூர் உப்புக்காற்று:
சரி, மரக்குளவியே என்று வையுங்கள். குளவி என்றால் கொட்டுமே? மாடியில் குழந்தைகள் விளையாடும் இடம்.

புழுப்பித்தன்:
கொட்டாது. பார்க்கப் பயமாக இருக்கும், பெரிய வகை 4 சென்டிமீட்டர் வரை வளரும், மஞ்சளும் கறுப்புமாக, பின்னால் ஊசி நீட்டிக்கொண்டு. அந்த ஊசி முட்டையிட மட்டும்தான். மற்ற குளவிகளுக்கு இருக்கிற இடுப்பும் இதற்கு இல்லை, மார்பும் வயிறும் ஒரே தடிமனாக ஒட்டியிருக்கும்.

இடுப்பில்லாத இந்தக் கூட்டத்தைத்தான் ரம்ப ஈக்கள் என்கிறோம். பேரில் ஈ இருந்தாலும் ஈ இல்லை, எறும்பு, தேனீ, குளவி சேர்ந்த வம்சம். அந்த வம்சத்தில் இதுவரை பெயர் வைத்த இனங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அதில் ரம்ப ஈக்கள் சுமார் 8,000தான். ஆனால் குடும்பக் கதையைப் பார்த்தால் இந்த 8,000க்குள்ளிருந்துதான் மீதி அத்தனையும் கிளைத்து வந்திருக்கின்றன. உங்கள் சமையலறையில் சர்க்கரை டப்பாவைச் சுற்றுகிற எறும்பின் பாட்டன் பூட்டன் வழியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனால், கடைசியில் செத்த மரத்துக்குள் வாழ்ந்த ஒரு புழுவில் போய் நிற்கும். எனக்கு இந்த இழையில் சொல்ல வேண்டியது இது ஒன்றுதான், கேட்டால் விரிவாகச் சொல்கிறேன்.

ராயபுரம் டீச்சர்:
கேட்கிறேன், சொல்லுங்கள். ரொம்ப வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தவள் நான். பாடப்புத்தகத்தில் தேனீயும் எறும்பும் வரும், ரம்ப ஈ ஒரு வரிகூட வராது. எனக்கு ஒரு சந்தேகம்: மரத்தைக் குடைந்து தின்னும் புழுவிலிருந்து, இன்னொரு பூச்சியைத் தின்னும் ஒட்டுண்ணி எப்படி வந்தது? சைவத்திலிருந்து அசைவம் ஒரே தாவலா?

எண்ணூர் உப்புக்காற்று:
டீச்சர் கேட்பதற்கு முன்னால் என் கேள்வி. எத்தனை கோடி வருஷம் என்று எல்லாரும் அடித்துவிடுகிறார்கள். யார் பத்திரம் எழுதி வைத்தார்கள்?

புழுப்பித்தன்:
உப்புக்காற்று அண்ணனுக்கு முதலில்.

இரண்டு விதக் கணக்கு. ஒன்று கல்லில் பதிந்தது. இந்த வம்சத்தில் கிடைத்த மிகப் பழைய புதைபடிவங்கள் டிரையாசிக் காலத்தவை. 1955இல் ஆஸ்திரேலியாவில் மவுண்ட் கிராஸ்பி என்ற இடத்துப் பாறையிலிருந்து எட்கர் ரீக் ஒன்றை விவரித்து எழுதினார், அப்புறம் மத்திய ஆசியாவில் இன்றைய கிர்கிஸ்தானில் இருக்கிற மாடிகன் பாறைகளிலிருந்து ரஷ்யாவின் அலெக்சாண்டர் ராஸ்னிட்சின் பல இனங்களை எழுதினார். சுமார் 23 கோடி ஆண்டு. எல்லாம் சைலிட் என்ற ஒரே ரம்ப ஈக் குடும்பம், அதன் வாரிசுகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன, பைன் மரத்தின் ஆண் கூம்பில் மகரந்தம் தின்று வளர்கின்றன.

இரண்டாவது மரபணுக் கணக்கு. 2017இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 173 இனங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களை ஒப்பிட்டார்கள், இந்த வம்சம் தோன்றியது சுமார் 28 கோடி ஆண்டுக்கு முன் என்று வந்தது. புதைபடிவம் கிடைத்தால் "குறைந்தபட்சம் இவ்வளவு பழசு" என்றுதான் அர்த்தம், அதற்கு முன்னாலும் இருந்திருக்கலாம், கல்லில் மாட்டவில்லை, அவ்வளவே. அதனால் 23க்கும் 28க்கும் சண்டை இல்லை. மரபணுக் கணக்கில் சில கோடி அப்படி இப்படி நகரும், அதை அவர்களே வரம்பு போட்டுத்தான் எழுதுகிறார்கள். பத்திரம் இல்லை, ஆனால் வில்லங்கம் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

வியாசர்பாடி கிளியரிங்:
நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், நான் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் வேலை. மாதவரத்துக்காரரே, பலகையில் சூடு போட்ட முத்திரை இருக்கும், பாருங்கள். கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் இரண்டு எழுத்தில் நாட்டுக் குறியீடு, அதன் கீழே எச்டி அல்லது எம்பி. எச்டி என்றால் கட்டையின் நடுவரைக்கும் 56 டிகிரி சூடு ஏற்றி 30 நிமிஷம் வைத்தது. எம்பி என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. 2002இல் ஐஎஸ்பிஎம் 15 என்று உலகம் முழுக்க ஒரு விதி கொண்டு வந்தார்கள், மரப்பெட்டி, பேலட் எல்லாவற்றுக்கும் இது கட்டாயம். விதி வந்ததே இந்த மாதிரிக் குடைகிற பூச்சிகள் கப்பலேறி நாடு விட்டு நாடு போவதால்தான். முத்திரை இருந்தால் உள்ளே இருந்தது செத்திருக்கும், ஓட்டை மட்டும் பாக்கி. எம்பி போட்ட பலகையை மட்டும் வீட்டுச் சாமானுக்கு எடுக்காதீர்கள், அது என் சொந்த அபிப்பிராயம்.

சூளை மரக்கடை:
இது சரியான பேச்சு. முத்திரை இல்லாத பேலட்டும் யார்டில் கலந்து வரும், அது உள்ளூரிலேயே அடித்தது, மாங்கட்டை, சில்வர் ஓக் எல்லாம் இருக்கும். பைன் என்றால் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

எண்ணூர் உப்புக்காற்று:
அப்போ நம்ம ஊரில் இல்லாத பூச்சி, வந்ததும் செத்துத்தான் வந்திருக்கிறது. இதற்கு இவ்வளவு நீளப் பேச்சா? எங்கள் பக்கம் கடற்கரை முழுக்க சவுக்குத் தோப்பு, அதுவும் ஊசியிலை மரம்தானே, அதில் விழுந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

புழுப்பித்தன்:
சவுக்கு ஊசியிலை மரம் இல்லை அண்ணே, பார்க்கத்தான் அப்படி. அது பூக்கிற மரம், ஊசி மாதிரித் தெரிவது பச்சைக் கிளை, இலை அதன் கணுவில் பல் பல்லாக ஒட்டியிருக்கும். பைன் மரக்குளவிக்கு அது ஆகாது. நம் தமிழ்நாட்டில் பைன் என்றால் கொடைக்கானல், ஊட்டியில் வெள்ளைக்காரன் காலத்திலும் பிறகும் நட்டதுதான். இயற்கையாகப் பைன் காடும் அதில் மரக்குளவியும் பார்க்க வேண்டுமென்றால் இமயமலைக்குத்தான் போகணும்.

ஆனால் "நம்ம ஊரில் இல்லை, நமக்கென்ன" என்று ஆஸ்திரேலியாக்காரரும் இருந்திருப்பார். சிரெக்ஸ் நாக்டிலியோ என்ற மரக்குளவி ஐரோப்பா, ஆசியா, வட ஆப்பிரிக்காக்காரன். சொந்த ஊரில் பரம சாது, சாகப்போகிற மரத்தில் மட்டும் முட்டையிடும். 1900 வாக்கில் நியூசிலாந்து போய்ச் சேர்ந்தது, 1952இல் டாஸ்மேனியா, 1961இல் ஆஸ்திரேலிய பெருநிலம், 1980இல் உருகுவே, பிறகு அர்ஜென்டினா, பிரேசில், 1994இல் தென் ஆப்பிரிக்கா, 2004இல் நியூயார்க் மாநிலம். எல்லாம் மரச்சரக்கு வழிப் பயணம். போன இடங்களில் பாதி, பைன் மரமே இயற்கையாக இல்லாத நாடுகள், கலிபோர்னியா பைனை வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். 1987 தொடங்கி சில வருஷங்களில் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில் மட்டும் 50 லட்சம் மரத்துக்குக் கிட்டப் போய்விட்டது.

அது மரத்தைக் கொல்கிற விதத்தைக் கேளுங்கள். பெண் குளவி மரத்தில் துளை போட்டு மூன்று சாமான் இறக்கும்: முட்டை, ஒரு விஷக் கோழை, ஒரு பூஞ்சை. கோழை மரத்தின் நீரோட்டத்தைக் குலைக்கிறது, ஊசியிலை வாடுகிறது. அந்தப் பலவீனத்தில் பூஞ்சை வேர் பிடித்து மரத்தை உலர்த்திக்கொண்டே பரவுகிறது. பூஞ்சை பரவிய மரத்தில்தான் முட்டை பொரியும். அந்தப் பூஞ்சையைக் குளவி தன் வயிற்றுக்குள்ளே, ஊசி தொடங்கும் இடத்தில் இரண்டு பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறது. மரம் செரிக்கிற சரக்கு புழுவின் குடலில் கிடையாது, பூஞ்சையின் நொதியைத் தின்று அதை வைத்துத்தான் செரிக்கிறது என்று 1983இல் சயன்ஸ் இதழில் கட்டுரையே வந்தது. பையில் பூஞ்சை இல்லாவிட்டால் பிள்ளைக்குச் சோறு இல்லை.

டீச்சர், உங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. இன்னும் கொஞ்சம் பொறுங்கள், வேலைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

ராயபுரம் டீச்சர்:
பொறுக்கிறேன். அதற்குள் ஒன்று கேட்டு வைக்கிறேன், அந்த 50 லட்சம் மரம் போன பிறகு எப்படி அடக்கினார்கள்? மருந்து அடித்தா?

வியாசர்பாடி கிளியரிங்:
மரத்துக்குள் இருக்கிற புழுவுக்கு எந்த மருந்தை அடிப்பது டீச்சர்.

புழுப்பித்தன்:
வந்துவிட்டேன். மருந்து இல்லை, ஒரு நூற்புழு. டெலாடினஸ் என்று பெயர், ஆஸ்திரேலியாவில் ராபின் பெடிங் என்பவர் அதன் வாழ்க்கையைக் கண்டுபிடித்தார். அதற்கு இரண்டு பிழைப்பு. மரத்துக்குள் குளவியின் பூஞ்சையைத் தின்றுகொண்டு தலைமுறை தலைமுறையாகப் பெருகலாம். பக்கத்தில் குளவிப் புழு இருந்தால் வேறு உருவம் எடுத்து அதன் உடலைத் துளைத்து உள்ளே போய்விடும். குளவி வளர்ந்து பெண்ணாக வரும்போது அதன் முட்டைகளுக்குள் நூற்புழுக் குஞ்சு நிறைந்திருக்கும். குளவிக்கு ஒன்றும் தெரியாது, பறந்து போய் அடுத்த மரத்தில் முட்டை என்று நினைத்து நூற்புழுவை விதைத்துவிட்டு வரும்.

இதில் ஒரு வேடிக்கை. ஆய்வகத்தில் வருஷக்கணக்காகப் பூஞ்சை மட்டும் போட்டு வளர்த்த நூற்புழு, குளவிக்குள் புகும் பழக்கத்தையே இழந்துவிட்டது. 1987இல் அவ்வளவு மரம் போனதற்கு அதுவும் ஒரு காரணம், நெருக்கமாக நட்டு, இடையிடையே மரம் வெட்டி இடைவெளி விடாமல் விட்ட தோப்புகள் இன்னொரு காரணம். பிறகு டாஸ்மேனியாவில் கமோனா என்ற இடத்தில் மரத்திலிருந்தே மறுபடி வீரியமுள்ள வகையைப் பிடித்து வந்தார்கள்.

இப்போது தாவல் விஷயம். ஒரே தாவல் இல்லை டீச்சர், நடுவில் ஒரு திருட்டு இருக்கிறது என்று நினைக்கிறேன். மரக்குளவிகளில் செரிஸ் என்று ஒரு பேரினம். அதற்குப் பூஞ்சைப் பை கிடையாது. அது வேறு மரக்குளவி ஏற்கெனவே பூஞ்சை பரப்பிவைத்த மரமாகப் பார்த்துத் தன் முட்டையை இட்டுவிட்டுப் போகும். ஒருத்தர் உலையில் இன்னொருத்தர் அரிசி. இதே மாதிரி ஒன்று 25 கோடி வருஷத்துக்கு முன் நடந்திருந்தால் என்ன ஆகும் பாருங்கள். இன்னொருவர் குடைந்த பாதையில், இன்னொருவர் பூஞ்சையில் உங்கள் புழு வளர்கிறது. அந்தப் பாதையில் வீட்டுக்காரப் புழுவும் இருக்கிறது. பூஞ்சையோடு சேர்த்து அதையும் தின்றுவிட்டால் மரத்தைவிடப் பல மடங்கு சத்து. அப்புறம் பூஞ்சை எதற்கு?

அந்தத் தாவலின் மறுகரையில் நிற்பவர்கள் ஒருசிட் குடும்பம். உலகம் முழுக்க சுமார் 90 இனம்தான். உடம்பு ரம்ப ஈ மாதிரி, இடுப்பு கிடையாது, செத்த மரத்தில்தான் திரியும். ஆனால் புழு தின்பது மரத்துக்குள் இருக்கிற வண்டுப் புழுவை. ராஸ்னிட்சின் 1980களிலேயே இவர்களைத்தான் இடுப்புள்ள குளவிகளின் (எறும்பு, தேனீ எல்லாம் இதில் சேர்த்தி) மிக நெருங்கிய பங்காளி என்று எழுதினார், மரபணுவும் பிறகு அதையே சொன்னது. ஒட்டுண்ணி வாழ்க்கை இந்த வம்சத்தில் ஒரே ஒரு தடவைதான் தோன்றியது, ஒருசிட்களும் இடுப்புள்ள குளவிகளும் பிரியும் முன்பே, என்பது 2017 ஆய்வின் முடிவு.

ராயபுரம் டீச்சர்:
அப்படியானால் இடுப்பு வந்ததால் ஒட்டுண்ணி ஆகவில்லை, ஒட்டுண்ணி ஆன பிறகுதான் இடுப்பு வந்தது! நான் இத்தனை வருஷமும் வயிற்றை வளைத்துக் கொட்ட வசதியாக இருப்பதால்தான் வேட்டைக்கு இறங்கின என்று ஒரு வரிசையில் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருசிட் அந்த வரிசையையே மாற்றிப் போடுகிறது. இடுப்பு வந்து, ஊசியை எந்தப் பக்கமும் திருப்ப முடிந்ததும், மரத்தைவிட்டு வெளியே வந்து இலைப்புழு, முட்டை, சிலந்தி என்று எதிலும் முட்டையிட முடிந்திருக்கும். அப்புறம் ஊசி கொடுக்கானது. ஆண் தேனீ ஏன் கொட்டாது என்று குழந்தைகள் கேட்கும், முட்டையிடும் உறுப்பு அதற்கு ஏது என்று சொல்வேன். அந்த உறுப்பே மரம் துளைக்கும் துரப்பணம் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் உங்கள் திருட்டுக் கதையில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. செரிஸ் இன்றைய பூச்சி. அது செய்வதால் அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

புழுப்பித்தன்:
சொல்ல முடியாது. இப்படி ஒரு வழி சாத்தியம் என்பதற்குத்தான் செரிஸ் சாட்சி, நடந்ததற்குச் சாட்சி இல்லை. பூஞ்சையே சம்பந்தப்படாமல், ஒரே மரத்தில் இரண்டு புழு நேருக்கு நேர் சந்தித்ததில் ஒன்று மற்றதைத் தின்றதில் தொடங்கியது என்பவர்களும் உண்டு. நான் திருட்டுக் கட்சி. பழக்கம் மெல்ல மாற அதில் இடம் இருக்கிறது.

சாட்சி என்றால் உடம்பில் ஒன்று இருக்கிறது. இலை தின்னும் ரம்ப ஈப் புழுவைப் பார்த்தால் பட்டாம்பூச்சிப் புழு என்றே சொல்வீர்கள், காலும் கண்ணும் நன்றாக இருக்கும். மரக்குளவிப் புழுவுக்குக் கண் இல்லை, கால் வெறும் மொட்டு. மரத்துக்குள் இருட்டு, நாலா பக்கமும் சுவர், காலை வைத்து என்ன செய்ய. ஒருசிட் புழுவுக்குக் காலே இல்லை. தேனடையில் கிடக்கிற தேனீப் புழுவுக்கும் காலும் இல்லை, கண்ணும் இல்லை.

எண்ணூர் உப்புக்காற்று:
சரி சரி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டுண்ணி மரத்துக்குள் இருக்கிற புழுவை எப்படிக் கண்டுபிடிக்கும்? எக்ஸ்ரே கண்ணா?

புழுப்பித்தன்:
ஒருசிட் தட்டிப் பார்க்கும். மீசை நுனியால் மரத்தைத் தட்டி, அதிர்வு திரும்பி வருவதை முன்னங்காலில் இருக்கிற உறுப்பால் வாங்கிக்கொள்ளும். கண்டுபிடித்ததும் தன் உடம்பைவிட நீளமான ஊசியை இறக்கும், சும்மா இருக்கும்போது அந்த ஊசி உடம்புக்குள் சுருட்டி வைத்திருக்கும். இபாலியா என்று இன்னொரு குளவி, அது பூஞ்சை வாசனை பிடித்து வரும், மரக்குளவி போட்ட துளை வழியாகவே ஊசியை விட்டு முட்டைக்குள்ளோ, அப்போதுதான் பொரிந்த புழுவுக்குள்ளோ தன் முட்டையை வைத்துவிடும். ரைஸா என்ற நீள ஊசிக்காரி சில சென்டிமீட்டர் மரத்தைத் துளைத்தே இறங்குவாள், ஊசி நுனி உலோகம் ஊறி உறுதிப்பட்டது. பாதுகாப்பு என்று மரத்துக்குள் போனவனுக்கு எத்தனை வழியில் ஆள் வருகிறது பாருங்கள்.

சூளை மரக்கடை:
இவ்வளவு மெல்லிய ஊசி எப்படி மரத்தில் இறங்கும் தம்பி? எங்கள் மெஷினில் மெல்லிய பிட் போட்டு அழுத்தினால் வளைந்து ஒடிந்துவிடும்.

புழுப்பித்தன்:
அழுத்தினால் ஒடியும், அதனால்தான் அது அழுத்துவதில்லை அண்ணே, சுற்றுவதும் இல்லை. ஊசி என்பது பல தகடுகள் சேர்ந்தது, ஒன்றோடொன்று உங்கள் டங் அண்ட் குரூவ் ஜாயின்ட் மாதிரியே நாக்கும் பள்ளமுமாகக் கோத்திருக்கும், அதனால் பிரியாமல் முன்னும் பின்னும் வழுக்கும். தகட்டில் பல் இருக்கிறது. ஒரு தகட்டின் பல் மரத்தைப் பற்றி இழுத்துப் பிடிக்கும், அந்தப் பிடியை வைத்துக்கொண்டு அடுத்த தகடு கொஞ்சம் இறங்கும், பிறகு அது பிடிக்கும், இது இறங்கும். மேலே இருந்து பாரம் வைக்கவே வேண்டாம். இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் வின்சென்ட் குழு இதைப் பார்த்து, ஈர்ப்பு குறைவான கோள்களில் துளை போட ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்துக்காகத் துரப்பணம் வடிவமைத்தது. எடை வைத்து அமுக்க முடியாத இடத்தில் வேறு என்ன செய்வார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மூளைக்குள் வளைந்து போகக்கூடிய அறுவை ஊசிக்கும் இதே வழிதான்.

மரக்குளவியின் தாடையும் சும்மா இல்லை. கிரிமியப் போர் முடிந்து பிரான்சுக்குத் திரும்பி வந்த தோட்டாப் பெட்டிகளில் ஈயக் குண்டுகளே குடையப்பட்டிருந்தன, 1857இல் மார்ஷல் வாய்யான் அதைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் கொண்டுபோய்க் காட்டினார். பெட்டி மரத்துக்குள் இருந்த மரக்குளவி வெளியே வர வழியில் ஈயம் நின்றது, குடைந்துகொண்டு வந்துவிட்டது.

எண்ணூர் உப்புக்காற்று:
இது கொஞ்சம் ஓவர் என்று சொல்ல வந்தேன், பெயர் வருஷம் எல்லாம் சொல்கிறீர்கள், விட்டுவிடுகிறேன். கடைசியாக ஒரு குத்தல்: 28 கோடி வருஷமாக மாறாமல் அப்படியே இருக்கிற பூச்சி என்றால் வளராத பூச்சி என்றுதானே அர்த்தம்?

ராயபுரம் டீச்சர்:
இதற்கு நான் பதில் சொல்கிறேன். மரக்குளவியும் தேனீயும் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவை. பிரிந்த நாளிலிருந்து இரண்டுக்கும் ஓடிய காலம் சமம். தேனீ மட்டும் வளர்ந்தது, மரக்குளவி வரிசையில் நின்றுவிட்டது என்பது நம் கற்பனை. மரக்குளவிதான் தேனீயின் தாத்தா என்று சொல்வதும் தவறு, பழைய வீட்டை விட்டுப் போகாத பங்காளி, அவ்வளவுதான். விஷக் கோழை, பூஞ்சைப் பை, இரட்டை ரம்ப ஊசி, இதெல்லாம் வளராத பூச்சியின் சாமானா?

புழுப்பித்தன்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. சின்டெக்சிஸ் என்று ஒரு மரக்குளவி, கலிபோர்னியா, ஓரிகான் பக்கம். அதன் குடும்பம் ஜுராசிக், கிரிட்டேசியஸ் காலத்தில், அதாவது டைனோசர்கள் திரிந்த காலத்தில், ஏராளமாக இருந்தது, கஜகஸ்தானின் காரதாவ் பாறைகளில் அதன் புதைபடிவங்கள் வரிசையாகக் கிடைத்தன. இன்றைக்கு உயிரோடு இருப்பது இது ஒன்றே. இது முட்டையிடுவது காட்டுத்தீயில் கருகிய சீடர் வகை மரத்தில், அதுவும் இன்னும் புகை அடங்காதபோதே வந்து உட்கார்ந்துவிடும், தீயணைக்கிறவர்கள் கண்ணில் அதிகம் படுகிறது. கருகிய மரம் எதிர்ப்புச் சக்தி எதுவும் காட்டாது, போட்டிக்கும் யாரும் வந்திருக்க மாட்டார்கள். பெரிய குடும்பமெல்லாம் போன பிறகு தங்கிய ஒருத்தி இப்படி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், வளராமல் எப்படிப் பிடித்தாள்?

ஊசியிலைக் காடு நமக்கு அந்நியம் என்றும் நினைக்க வேண்டாம். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளத்தில் கல்லாகிப் படுத்திருக்கிற மரம் ஊசியிலை இனம்தான், 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் எழுதினார். நமக்கு இன்னும் கிட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் பாறையிலேயே கிரிட்டேசியஸ் காலத்து இலைப் பதிவுகள் உண்டு. பூக்கிற மரங்கள் பெருகும் முன்னால் இந்தப் பக்கத்துக் காடும் அப்படித்தான் இருந்தது. அதில் மரம் குடைகிற ரம்ப ஈ இருந்ததா என்று கேட்காதீர்கள், கல்மரத்தில் அப்படி ஓட்டை ஒன்றும் நான் பார்த்ததில்லை.

மாதவரம் மாடிவீடு:
எல்லாருக்கும் நன்றி. ஓட்டைக்குப் பக்கத்தில் குறுக்கே அறுத்தாயிற்று. முதலில் ஒன்றுமே தெரியவில்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் தண்ணீர் தடவிப் பார்த்தால் சரியான வட்டத்தில் நிறம் மட்டும் லேசாக மாறுகிறது. ஊசியால் குத்தினால் நைசான தூள் கட்டியாக உதிர்கிறது, சீவல் ஒன்றும் இல்லை. முத்திரை பக்கத்துக் கட்டையில் இருந்தது, கதிர்ப் படம், டிஇ, எச்டி.

வியாசர்பாடி கிளியரிங்:
டிஇ ஜெர்மனி. எச்டி, சூடு போட்டது. தாராளமாக பெஞ்ச் செய்யுங்கள்.

புழுப்பித்தன்:
மரக்குளவிதான். இந்த இழையில் படம் ஒன்று போடுங்கள், அறுத்த முகமும் ஓட்டையும் சேர்ந்து தெரிகிற மாதிரி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து. எந்த இனம் என்று ஓட்டையை வைத்துச் சொல்ல முடியாது, அதற்கு ஆள் வேண்டும்.

சூளை மரக்கடை:
அந்தப் பலகையை பெஞ்சில் உட்காரும் இடத்தில் போடாமல் கால் சட்டத்துக்குக் கொடுங்கள் சார், ஓட்டை இருக்கிற இடத்தில் ஸ்க்ரூ பிடிக்காது. ஆசாரிக்குச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் ஆடும்.

ராயபுரம் டீச்சர்:
அறுத்த துண்டு மீதி இருந்தால் தூக்கி எறியாதீர்கள் தம்பி. ஒரு அரை அடி போதும், வார்னிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் எடுக்கிறேன், அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். ராயபுரம் பக்கம் வந்தால் சொல்லுங்கள்.

மாதவரம் மாடிவீடு:
கட்டாயம் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை ஆசாரி போனதும் காசிமேட்டுக்கு மீன் வாங்க வருவேன், அப்படியே கொடுத்துவிடுகிறேன். மாமியார் இன்னும் கரையான் என்றுதான் சொல்கிறார்.